பத்துப் பேரை அடித்தவன் அம்மாவிடம் என்ன சொல்வான்?

2006 வாக்கில், தேயிலைத் தோட்ட மலையான வால்பாறையின் கேபிள் டிவியில், படம் ஓடும்போதே திரையின் அடியில் ஒரு வரி நகர ஆரம்பித்தது. யானைக் கூட்டம் இன்றைக்கு எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்ற தகவல். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் செய்த ஏற்பாடு அது. பின்னால் செல்போன் குறுஞ்செய்தி, தூரத்தில் இருந்தே தெரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்கு என்று விரிந்தது. மேலே கதாநாயகன் இருபது பேரைத் தூக்கி எறிந்துகொண்டிருப்பான். கீழே யானை நிற்கும் இடம் ஓடிக்கொண்டிருக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் செருப்பைத் தேடும் மகனைப் பார்த்து அம்மா சொல்வாள்: "இருட்டின பெறகு எங்கடா கெளம்புற? பேசாம உள்ள உக்காரு." மீசை முளைத்து, வேலைக்கும் போகிற மகன் மறுபேச்சில்லாமல் உட்காருவான்.

இதை எந்த டைரக்டரும் எழுதவில்லை. ஆனால் தமிழில் வந்த நல்ல அடிதடி நகைச்சுவைப் படங்களின் அடியில் ஓடுவது இந்த அதட்டல்தான். நாயகன் சண்டையில் ஜெயிப்பான் என்பது டிக்கெட் வாங்கும்போதே நமக்குத் தெரியும். அவன் கிழிந்த சட்டையோடு வீட்டுக்கு வரும்போது என்ன நடக்கும் என்பதுதான் தெரியாது. அங்கேதான் கதை இருக்கிறது.

அந்த அம்மாவை, அப்பாவை, நம் சினிமா பல முறை முதல் பாதியிலேயே கொன்றுவிடுகிறது. வில்லன் ஆட்கள் வீட்டுக்குள் புகுவார்கள், தாலியோ மூக்குக்கண்ணாடியோ தரையில் விழும், நாயகன் பழிவாங்கக் கிளம்புவான். செத்துப்போன அம்மா அவனுக்கு ஒரு சண்டையைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். உயிரோடு இருந்து, எல்லாவற்றிலும் தலையிட்டு, 'சாப்பிட்டியா, யார்கூடச் சுத்துற, அந்தப் பொண்ணு யாரு' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் அம்மா ஒரு முழுப் படத்தையே கொடுக்கிறாள். இதைக் கொங்கு நாட்டுக்காரர்கள் நன்றாக அறிந்தவர்கள். தமிழில் இந்த வகைப் படங்களுக்கு உருவம் கொடுத்தவர்களில் பலர் இந்தப் பக்கத்தில் இருந்து போனவர்கள். கோவை ராமநாதபுரத்துச் சின்னப்பா தேவர், வெள்ளாங்கோயில் பாக்யராஜ், உடுமலைப் பக்கத்துக் கவுண்டமணி, சூலூர் மணிவண்ணன், கோவையின் சத்யராஜ், கோவை சரளா என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம்.

தேவர் போட்ட அஸ்திவாரம்

சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் தேகப்பயிற்சியில் ஊறிய மனிதர். பெயருக்கு முன்னால் இருக்கும் பட்டமே உடம்பால் வந்தது. கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'ராஜகுமாரி' 1947இல் வெளியானது, எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம். அதில் அவரோடு மோதும் பலசாலியாக வந்தவர் சின்னப்பா. அந்த நட்பில் இருந்துதான் பின்னாளில் ஒரு கம்பெனியே எழுந்தது. 1956இல் தேவர் பிலிம்ஸின் முதல் படம் வந்தது. ஊரையே அடக்கும் வீரனின் கதைக்கு, காளையை மடக்கும் கதைக்கு, அவர் வைத்த தலைப்பு 'தாய்க்குப் பின் தாரம்'.

அதற்கப்புறம் 'தாய் சொல்லைத் தட்டாதே' (1961), 'தாயைக் காத்த தனயன்' (1962). தேவரின் தம்பி எம்.ஏ. திருமுகம் டைரக்ட் செய்தார். எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் தேவர் 16 படங்கள் எடுத்தார். காலம் மாறி ரஜினிகாந்த் பக்கம் வந்தபோதும் 'தாய் மீது சத்தியம்' (1978) என்றுதான் பெயர் வைத்தார்கள். அதே வருடம் தேவர் காலமானார். சண்டையை நன்றாக அறிந்த ஒருவர், சண்டைப் படத்துக்குத் தலைப்பு வைக்க உட்காரும்போது திரும்பத் திரும்ப அம்மாவிடம் போனார் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. பலத்துக்கு ஒரு கடிவாளம் இருந்தால்தான் பார்க்கிறவர்கள் அந்தப் பலத்தை நம்புவார்கள் என்று பயில்வானுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த மூன்று எம்.ஜி.ஆர். படங்களிலும் அம்மாவாக நடித்தவர் பி. கண்ணாம்பா. அவர் நிமிர்ந்து பார்த்தால் நாயகனின் ஓங்கிய கை இறங்கும். ஆனால் அந்த அம்மாவிடம் சிரிப்பு இல்லை. அவர் சட்டம், சட்டத்தோடு யாரும் வம்பளக்க முடியாது. எம்.ஜி.ஆர். தம் தாய் சத்யபாமாவின் நினைவாக ஸ்டூடியோவுக்கே சத்யா என்று பெயர் வைத்தவர். அவர் படத்தில் அம்மாவைக் கேலிப் பொருளாக்க யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. நகைச்சுவை நாகேஷுக்கும் மனோரமாவுக்கும் ஒதுக்கப்பட்ட தனிப் பாத்தியாக இருந்தது. அம்மா ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர இன்னும் இருபது வருடம் ஆயிற்று.

வரதட்சணையில் ஆரம்பித்த சண்டை

அம்மாவையும் சிரிப்பையும் சேர்த்தவர்களில் முக்கியமானவர் கே. பாக்யராஜ். 1982இல் வந்த அவருடைய 'தூறல் நின்னு போச்சு' படத்தை அடிதடிப் படமாக யாரும் நினைப்பதில்லை. எனக்கு அது நம் மொழியின் மிகச் சிறந்த அடிதடி நகைச்சுவைகளில் ஒன்று. பையன் பெண் பார்க்கப் போகிறான். பெண்ணைப் பிடித்துப்போகிறது, பெண்ணுக்கும் அவனைப் பிடித்துப்போகிறது. வரதட்சணைப் பேச்சில் பெரியவர்கள் முறுக்கிக்கொள்ள, கல்யாணம் நின்றுவிடுகிறது. பையன் பெண்ணின் ஊருக்கே போய் உட்கார்ந்துவிடுகிறான். ஊர் அடிக்க வருகிறது. அவனுக்குச் சண்டை தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்க வருகிறவர் எம்.என். நம்பியார். பல வருடம் எம்.ஜி.ஆரோடு வாள் சுழற்றிய அதே வில்லன் நம்பியார், இங்கே குருநாதர்.

இந்தப் படத்தில் பரம்பரைப் பகை இல்லை, கடத்தல் இல்லை, ஊரை மிரட்டும் ரவுடி சாம்ராஜ்யம் இல்லை. நடந்த அத்தனை அடிதடிக்கும் காரணம் பெரியவர்களின் ரோஷமும் பணக் கணக்கும். பெற்றோரின் தலையீடுதான் கதையின் விதை. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில், நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து கல்யாணம் பேசி, பேச்சு தடித்து எழுந்துபோகும் காட்சியைப் பார்த்து வளர்ந்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். சண்டையில் வாங்கும் அடியைவிட, நின்றுபோன நிச்சயத்தின் அவமானம் அதிகம் வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கோவை சரளாவை அம்மாவாக்கியதும் பாக்யராஜ்தான். 'சின்ன வீடு' (1985) படத்தில் பாக்யராஜுக்கு அம்மாவாக நடித்தபோது சரளா இருபதுகளில் இருந்த பெண். மகனாக நடித்தவரைவிட வயதில் எவ்வளவோ இளையவர். நரைத்த தலையும் தளர்ந்த நடையுமாக அவர் வந்து நின்றபோது கொட்டகை நம்பியது. வயதை அவர் ஒப்பனையில் மட்டும் கொண்டுவரவில்லை; ஒரு கிழவியின் உரிமையைக் குரலில் கொண்டுவந்தார். மகனை எந்த நேரத்திலும், யார் முன்னாலும் அதட்டலாம் என்ற உரிமை அது.

மகனைவிட இளைய அப்பா

இந்த வினோதம் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 1986 பொங்கலுக்கு ஏவி.எம். வெளியிட்ட 'மிஸ்டர் பாரத்' படத்தில் ரஜினிகாந்துக்கு அப்பா சத்யராஜ். ரஜினி பிறந்தது 1950 டிசம்பரில். சத்யராஜ் பிறந்தது 1954 அக்டோபரில். அப்பா மகனைவிட நாலு வயது சின்னவர். இந்தியில் வந்த 'திரிசூல்' கதையை எஸ்.பி. முத்துராமன் தமிழுக்குக் கொண்டுவந்தபோது, அப்பா-மகன் மோதலுக்கு நடுவில் ஒரு நக்கலும் வந்து உட்கார்ந்துகொண்டது. மூலத்தில் கனத்துக் கிடந்த கோபம், இங்கே இரண்டு பேர் ஒருவரை ஒருவர் சீண்டிப்பார்க்கும் ஆட்டமாக மாறியது. அந்த ஆட்டத்தில் பாதி கோவைக்காரருடையது. எதிரியையும் 'வாங்க, போங்க' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே குத்திக் காட்டும் வழக்கம் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது.

'நாட்டாமை' (1994) படத்தில் கவுண்டமணிக்கு அப்பா செந்தில். கவுண்டமணி 1939இல் பிறந்தவர், செந்தில் 1951இல். தடியெடுத்த மகன் கவுண்டமணி. எதிலும் தலையிட்டுக் காரியத்தைக் கெடுக்கும் அப்பா செந்தில். அதற்கு முன் பத்து வருடம் யார் யாரை உதைத்தார்கள் என்பது தமிழ்நாட்டுக்கே மனப்பாடம். அந்த உறவை அப்படியே தலைகீழாக்கி, உதை வாங்குகிறவரை அப்பாவாக்கிவிட்டார் டைரக்டர் கே.எஸ். ரவிகுமார். பெண் பார்க்கப் போகும் காட்சியில் அந்த அப்பா செய்யும் காரியத்தை நான் இங்கே சொல்ல வேண்டியதே இல்லை. மூன்று தலைமுறை அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. கவனித்துப் பாருங்கள்: அங்கேயும் மகன் அப்பாவை விட்டுவிட்டு வருவதில்லை. அவமானப்பட்டு, திட்டித் தீர்த்து, அடுத்த இடத்துக்கும் அவரையே கூட்டிக்கொண்டு போகிறான்.

ஹாங்காங்கிலும் இதே கதை. ஜாக்கிசானின் 'டிரங்கன் மாஸ்டர்' இரண்டாம் பாகம் 1994இல் வந்தது. அதில் அவருக்குச் சிற்றன்னையாக நடித்த அனிடா முய், ஜாக்கியைவிட ஒன்பது வயது இளையவர். கண்டிப்பான அப்பா சண்டையே போடக்கூடாது என்கிறார். சிற்றன்னையோ தெருவில் மகன் அடிப்பதைப் பார்த்துக் கை தட்டி, அவனுக்குக் குடிக்கப் புட்டியை வீசுகிறாள். வீட்டுக்குள் வந்ததும் கணவர் முன்னால் ஒன்றும் அறியாதவளைப்போல நிற்கிறாள். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா மகனுக்கு உடந்தையாவது நமக்குப் புதிதா என்ன? டப்பிங்கில் ஜாக்கிசான் படங்களைப் பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டுப் பையன்களுக்கு அந்தக் குடும்பம் பக்கத்து வீடு மாதிரி இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பா இல்லாமல் போனதன் கோபத்தைச் சிரிப்பாக்கிய படம் 'அமைதிப்படை' (1994). எழுதி டைரக்ட் செய்தவர் மணிவண்ணன். அப்பா, மகன் இரண்டுமே சத்யராஜ். கோயில் வாசலில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமாவாசை, நாகராஜசோழன் எம்.ஏ. ஆகி எம்.எல்.ஏ. நாற்காலியில் உட்காருகிறான். கைவிட்ட பெண்ணின் மகன் வளர்ந்து எதிரே வந்து நிற்கிறான். அந்தப் படத்தில் நியாயம் முழுக்க மகன் பக்கம். சிரிப்பு முழுக்க அப்பா பக்கம். நாம் யாரை வெறுக்கவேண்டுமோ அவனைப் பார்த்துத்தான் ரசிக்கிறோம். அரசியல் படமாக அதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஒரு தகப்பனின் படமாகவும் அதைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பெற்றவன் வீட்டில் இருந்து தலையிடாமல் போனால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு கசப்பாகச் சொன்ன நகைச்சுவை தமிழில் வேறு இல்லை.

ஸ்டாலோனின் அம்மா ஏன் தோற்றாள்?

ஹாலிவுட்டில் இதே கருவை 1992இல் நேரடியாகவே எடுத்துப் பார்த்தார்கள். 'ஸ்டாப்! ஆர் மை மாம் வில் ஷூட்'. ராம்போவாக உலகத்தைக் கலக்கிய சில்வெஸ்டர் ஸ்டாலோன் போலீஸ்காரர். அவரைப் பார்க்க ஊரில் இருந்து அம்மா வருகிறாள். நடித்தவர் எஸ்டெல் கெட்டி. மகனின் துப்பாக்கி அழுக்காக இருக்கிறது என்று கழுவிவைத்துவிடுகிறாள். கெட்டுப்போன துப்பாக்கிக்குப் பதிலாகத் தெருவில் திருட்டுத்தனமாக ஒன்று வாங்கப்போய், ஒரு கொலைக்குச் சாட்சியாகிறாள். கேட்கும்போது எவ்வளவு நல்ல கதை! படமோ அந்த வருடத்து மோசமான படங்களுக்கான ராஸி விருதுகளில் நடிகர், துணை நடிகை, திரைக்கதை ஆகிய மூன்றையும் வாங்கியது. ஸ்டாலோனே அதைத் தன் மிக மோசமான படம் என்று சொல்லிவருகிறார். தனக்கு அந்தப் படத்தில் ஆசை இருப்பதாக ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டு, போட்டிக்காக ஸ்டாலோன் அதை ஒப்புக்கொள்ளும்படி செய்ததாக ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் படம் தோற்றதற்கு நடிப்பையோ வசனத்தையோ குறை சொல்வது எளிது. எனக்குப் படும் காரணம் வேறு. அந்த அம்மா விருந்தாளி. மகன் தனி வீடு பார்த்துக்கொண்டு, தனி வாழ்க்கை அமைத்துக்கொண்டு, அவளை விட்டு எப்போதோ போய்விட்டான். அவள் வந்த நாளில் இருந்து எப்போது திரும்பிப் போவாள் என்பதுதான் அவன் கவலை. அவனுக்கு அவளால் கூச்சம் மட்டும்தான் இருக்கிறது, பயம் இல்லை. அவளுடைய ஒரு சொல்லால் அவன் ராத்திரி தூங்காமல் போகமாட்டான். நம் படங்களில் மகன் வீட்டை விட்டுப் போனதே இல்லை. அம்மா வந்து சேர்வதற்கு அவள் எங்கேயும் போகவில்லை. அடுப்படியில் நின்றபடியே அவன் பைக் சத்தத்தை வைத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுவாள்.

'கில்லி' (2004) ஓடியது அதனால்தான். மதுரையில் வில்லன் முத்துப்பாண்டியை அறைந்துவிட்டு, அவனிடம் இருந்து தனலட்சுமியைக் காப்பாற்றிக் கூட்டிவருகிற வேலு, சென்னையில் தன் வீட்டுக்குள் திருடனைப்போல நுழைகிறான். அவளை ஒளித்துவைக்க அவனுக்கு ஊரில் வேறு இடமே இல்லையா? சொந்த அறையில் வைக்கிறான். அப்பாவோ போலீஸ் அதிகாரி. அந்தப் பெண்ணைத் தேடும் பொறுப்பு அவர் கையிலேயே வருகிறது. தங்கச்சி எந்த நேரத்தில் வாயைத் திறப்பாளோ தெரியாது. அம்மா ஏதோ நடக்கிறது என்று மோப்பம் பிடித்துவிட்டாள். முத்துப்பாண்டியிடம் மாட்டினால் உயிர் போகும். அப்பாவிடம் மாட்டினால் மானம் போகும். வேலு எதற்கு அதிகம் பயப்படுகிறான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். 2024 ஏப்ரலில் மறுபடி திரைக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது. கபடியையும் பாட்டையும் கொண்டாடினார்கள். படத்தைத் தூக்கி நிறுத்துவது அந்த வீடுதான் என்பது என் துணிபு.

அதே 2004இல் இன்னும் இரண்டு படங்கள் வந்தன. 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.'ஸில் கமல்ஹாசன் ஊரறிந்த ரவுடி. வீட்டுக்கு மட்டும் டாக்டர். அப்பா நாகேஷும் அம்மா ரோகிணி ஹட்டங்கடியும் பார்க்க வரும்போது மட்டும் இடத்தையே ஆஸ்பத்திரியாக மாற்றிவிடுவான். பொய் உடைகிறது, அப்பா அவமானப்படுகிறார், அதில் இருந்துதான் ரவுடி மருத்துவக் கல்லூரிக்குப் போகிற கதையே ஆரம்பிக்கிறது. இந்தி மூலத்தில் அப்பா சுனில் தத். அந்த இடத்தில் நாகேஷை உட்காரவைத்தது பெரிய யோசனை. வாழ்நாள் முழுக்க நம்மைச் சிரிக்கவைத்த அந்த முகம் ஒரு நொடி வாடியபோது, கமல் செய்த அத்தனை அட்டகாசமும் நம் கண்ணில் சிறுத்துவிட்டது.

இன்னொன்று 'எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி'. கிக் பாக்ஸிங் வீரனின் கதைக்கு இனிஷியலையும் அம்மாவிடம் இருந்தே எடுத்துக்கொண்ட தலைப்பு. தெலுங்கில் பூரி ஜகந்நாத் எடுத்ததைத் தமிழில் ஜெயம் ராஜா எடுத்தார். நாயகன் அவருடைய தம்பி ஜெயம் ரவி. தயாரிப்பாளர் இருவருக்கும் அப்பா, எடிட்டர் மோகன். திரைக்கு வெளியேயும் அப்பா பார்த்துப் பார்த்துச் செய்த படம் அது. நதியாவும் ரவியும் தோழர்களைப்போலச் சண்டை போட்டுக்கொள்ளும் முதல் பகுதி இன்றைக்கும் புதிதாக இருக்கிறது. பிறகு அம்மா இறந்துபோகிறாள். கதை மலேசியாவுக்கு, அப்பா பிரகாஷ்ராஜைத் தேடிப் போகிறது. போன இடத்தில் சண்டைகள் பெரிதாகின்றன. நதியா இருந்தபோது இருந்த உயிர் அதற்கப்புறம் இல்லை. அந்த ஒரு படத்துக்குள்ளேயே இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவைக் கடைசிவரை உயிரோடு வைத்திருந்த படம் 'நானும் ரௌடிதான்' (2015). புதுச்சேரி. அம்மா ராதிகா இன்ஸ்பெக்டர். மகன் விஜய் சேதுபதி ரவுடியாக ஆசைப்படுகிறான். அவளுக்கோ அவனைப் போலீசில் சேர்த்துவிடவேண்டும். ஸ்டேஷனில் லத்தி பிடிக்கிற கை வீட்டில் அவனுக்குச் சோறும் போடுகிறது. தேவர் காலத்து அம்மாவும் சட்டம்தான். ராதிகாவும் சட்டம்தான், காக்கிச் சட்டையே போட்ட சட்டம். வித்தியாசம், இவளை ஏமாற்றலாம், கெஞ்சலாம், ஐஸ் வைக்கலாம். கண்ணாம்பாவிடம் இல்லாத ஒரு கதவை டைரக்டர் விக்னேஷ் சிவன் இவளிடம் திறந்துவைத்தார்.

இந்த அம்மாக்களைப் பற்றி ஒரு மனக்குறையும் எனக்கு உண்டு. கடந்த இருபது வருடத்தில் 'ஃப்ரெண்ட் மாதிரி அம்மா' என்று ஒரு வகை பெருகிவிட்டது. மகன் ஒரு பெண்ணின் பின்னால் பஸ் ஸ்டாண்டு வரை சுற்றுவான். அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் சுற்றுவான். அம்மா அதைக் கேட்டுச் சிரித்து, 'என் பையன் ராஜாடா' என்பாள். அதட்ட வேண்டிய ஒரே இடத்தில் அதட்டாத அம்மா அவள். எல்லாவற்றிலும் தலையிடும் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள், இதில் மட்டும் தோழியாகிவிடுவதை என்னால் ரசிக்க முடியவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள் என்று அந்தப் படங்களை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

மகள்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பத்துப் பேரை மகன் அடித்தால் சிரிப்பு. மகள் அடித்தால் பெற்றோர் என்ன செய்வார்கள் என்று நம் சினிமா வெகுகாலம் யோசிக்கவே இல்லை. டைரக்டர் நெல்சன் யோசித்தார். 'கோலமாவு கோகிலா' (2018) படத்தில் நயன்தாரா அதிர்ந்து பேசாத பெண். அம்மா சரண்யாவின் சிகிச்சைக்காகப் போதைப்பொருள் கடத்துகிறாள். முதலில் ரகசியமாக; பிறகு அம்மா, அப்பா, தங்கச்சி எல்லாரும் ஒரே வேனில். அந்த அப்பாவாக ஆர்.எஸ். சிவாஜி உட்கார்ந்திருக்கும் விதமே போதும், குடும்பம் என்றால் என்ன என்று சொல்ல. 'டாக்டர்' (2021) படத்திலும் நெல்சன் ஒரு குடும்பத்தையே ஆள்கடத்தல் கும்பலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். 'ஜெயிலர்' (2023) வந்தபோது தலையிடும் அப்பாவே கதாநாயகனாகிவிட்டார். ஓய்வுபெற்ற ஜெயிலர் முத்துவேல் பாண்டியன் வீட்டில் பேரனுக்கு வீடியோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் தாத்தா. போலீஸ்கார மகனைக் காணவில்லை என்றதும் வெளியே வருகிறார். கடைசியில் மகன் தப்பானவன் என்று தெரியும்போது அந்த அப்பா எடுக்கும் முடிவு சிரிப்பை அப்படியே நிறுத்திவிடுகிறது. எழுபது வயதைத் தாண்டிய ரஜினிக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் சமீபத்தில் அமையவில்லை.

அதே வருடம் 'மாவீரன்' படத்தில் சரிதா. அவருடைய ஈஸ்வரி அநியாயத்தைக் கண்டால் யாரிடமும் சண்டைக்குப் போவாள். மகன் சிவகார்த்திகேயன் 'விடும்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்று பின்னாலேயே ஓடுவான். வீரம் அம்மாவிடம் இருக்கிறது, மகனிடம் இல்லை. 'காஞ்சனா'வில் (2011) பேய்க்குப் பயந்து அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் ராகவா லாரன்ஸையும், அவரைச் சுமந்துகொண்டே புலம்பும் கோவை சரளாவையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்தச் சரளாதான் 2022இல் பிரபு சாலமனின் 'செம்பி'யில் மலைக்காட்டுப் பாட்டியாக வந்து, பேத்திக்காக எதிர்த்து நின்றார். சிரிக்கவைத்த அதே குரல், ஒரு சிரிப்பும் இல்லாமல்.

மலை மேல் ஒரு கதை காத்திருக்கிறது

பொள்ளாச்சியைச் சினிமாக்காரர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். தென்னந்தோப்பும் ஜமீன் வீடும் வாய்க்கால் கரையும் எத்தனை படங்களில் வந்துவிட்டன! 'தேவர் மகன்' (1992) படத்தில் சிவாஜியும் கமலும் வாதாடிய வீடு அங்கேதான் இருக்கிறது. பொள்ளாச்சியைத் தாண்டி, ஆழியாறு அணையில் இருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கு வந்தால் மட்டும் கேமரா தேயிலையையும் பனியையும் எடுத்துக்கொண்டு, டூயட்டை முடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறது. லைன் வீட்டுக்குள் இருக்கும் அப்பா அம்மாவை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் அசல் கதை கிடைத்திருக்கும். 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுக்கவேண்டும் என்றது. பொழுதுபோக்கு வசதியும் செய்து தரவேண்டும் என்றது. வீடு வேலையோடு ஒட்டியது. வேலையில் இருந்து ஓய்வு பெற்றால் லைனைக் காலி செய்யவேண்டும். நாற்பது வருடம் குடியிருந்த வீடு, பிள்ளைகள் பிறந்த வீடு, ஒரு நாளில் கைவிட்டுப் போகும். குடும்பத்தில் ஒருவர் எஸ்டேட் வேலைக்குப் பேர் கொடுத்தால் வீடு நிற்கும். ஆக, இங்கே ஒவ்வொரு அப்பா அம்மாவுக்கும் இரண்டு மனசு. 'எங்களை மாதிரி காலையில பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிக்காத, படிச்சு மலையை விட்டு எறங்கு' என்று சொல்லிப் பிள்ளையைக் கோவைக்கும் திருப்பூருக்கும் அனுப்புவது ஒரு மனசு. 'ஒருத்தனாச்சும் இங்க இருந்தா வீட்டைக் காப்பாத்திக்கலாமே' என்று போனில் இழுப்பது இன்னொன்று. இளைஞர்கள் இறங்கிவிட்டார்கள், கொழுந்து பறிக்க இன்று அசாமில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். போன பிள்ளையின் வேலை, சாப்பாடு, சேர்க்கை, கல்யாணம் எல்லாவற்றிலும் பெற்றவர்கள் செல்போன் வழியாகத் தலையிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று தலையிடுகிறார்கள்.

இதில் அடிதடி எங்கே என்று கேட்கலாம். மலைக்காரப் பையன் கீழே போனால் அவனை ஏமாற்ற ஆள் உண்டு. மேலே திரும்பினால் சிறுத்தையும் யானையும் உண்டு. கட்ட வேண்டிய கடன் உண்டு, காலி செய்யச் சொல்லும் தேதி உண்டு. எதிரிக்குப் பஞ்சமில்லை. சிரிப்பு எங்கே என்றால், திருப்பூரில் நாலு பேரை அடித்துவிட்டு மூச்சு வாங்க நிற்கும்போது போன் அடித்து, "ஏன்டா மூச்சு வாங்குற, யார்கூட ஓடுற?" என்று கேட்கும் அம்மாவிடம் இருக்கிறது. அவளுக்கு அவன் என்ன பதில் சொல்வான்? அந்தப் பதிலுக்காகவே நான் டிக்கெட் வாங்குவேன்.

நடிக்க ஆள் இருக்கிறார்கள். கோவை சரளா இருக்கிறார், சரிதாவும் ராதிகாவும் இருக்கிறார்கள். அப்பாவுக்குச் சத்யராஜ் இருக்கிறார். எழுதுகிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இடைவேளைக்கு முன்னால் அந்த அம்மாவைக் கொன்றுவிடாதீர்கள்.